மறைத்த வரி

"அந்த அக்கா இன்னைக்கும் வந்திருக்காங்க சார்."

"அழிஞ்சுபோச்சுன்னு சொல்லி அனுப்பு."

கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையை விட்டு அவர் முகத்தைத் திருப்பவே இல்லை. அந்த ஸ்கேன் சென்டரில் எல்லாரும் அவரை உம்மணாமூஞ்சி என்றுதான் சொல்வார்கள். அவருக்கு உதவியாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் அதை நம்பவில்லை. இப்போது நம்பினாள்.

வெளியே பெஞ்சில் அந்த அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை வயிற்றில் இருந்தபோது அதன் இதயத் துடிப்பைப் பதிவு செய்தது இங்கேதான். பிறந்த பிள்ளை அழவே இல்லை. அந்தத் துடிப்புச் சத்தம் ஒன்றுதான் மிச்சம்.

"உள்ளே இருக்கிற சார் மனசு வெச்சா கிடைக்கும்னு கீழே சொன்னாங்கம்மா. ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடுறேன். அவருக்கும் நெஞ்சுல கொஞ்சம் ஈரம் இருக்கும்ல?"

"இருக்கிற மாதிரி தெரியலைக்கா."

அவள் உள்ளே வந்தாள்.

"நீங்களே வந்து நாலு வார்த்தை நல்லபடியா சொல்லக் கூடாதா சார்?"

"சொன்னா சத்தம் திரும்பி வருமா?"

பெற்றவளுக்குச் சொல்கிற பதிலா இது? அவளும் கைக்குழந்தைக்காரிதான்.

போன் அடித்தது. அவர் எடுத்தார். மேனேஜர் பேசுவது அவளுக்கே கேட்டது.

"அந்தம்மா புகார் எழுதிக் கொடுத்துட்டாங்க. பதிவு ஏன் அழிஞ்சது, யாரால அழிஞ்சதுன்னு எனக்குத் தெரியணும். யாரா இருந்தாலும் இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன். சேமிக்கிற டெம்ப்ளேட் அத்தனையும் லிஸ்ட் எடுத்து அனுப்புங்க."

எடுக்கிற ஸ்கேன் எல்லாம் கம்ப்யூட்டரில் போய்ச் சேர வகைக்கு ஒரு டெம்ப்ளேட் உண்டு. எத்தனை நாள் வைத்திருக்கணும், எப்போது தானாக அழியணும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும், போட்டவர் பெயரோடு.

"நீ சாப்பிடப் போம்மா," என்றார் அவர்.

"பசிக்கலை சார்."

"அப்போ வீட்டுக்குப் போ. உனக்குப் பசிக்கலைன்னா புள்ளைக்குப் பசிக்காதா?"

எப்போதும் இப்படித்தான் துரத்துவார். அவள் நகரவில்லை. அவர் தட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமான வரிதான். ஆனால் கடைசியில் ஒரு வால் சேர்த்தார். ஒரே ஒரு டெம்ப்ளேட்டை மட்டும் காட்டாதே என்கிற வால். பட்டியலை அனுப்பிவிட்டு முகம் கழுவப் போனார்.

ஓஹோ. அழித்தது இவர்தானா. அதனால்தான் அந்த அக்கா முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாரா.

மேனேஜரிடம் அவள் இதுவரை வாயைத் திறந்து பேசியதில்லை. இன்று போனை எடுத்தாள்.

"சார், அந்த லிஸ்ட்ல ஒண்ணு இல்லை. மறைச்சு அனுப்பியிருக்கார்."

"அப்படியா சேதி? நீ முழுசா எடு. போனை வைக்காதே. எடுத்துப் படி."

வாலை வெட்டிவிட்டு அதே வரியைத் தட்டினாள். பட்டியல் ஓடி நின்றது. ஒரு வரி கூடியிருந்தது.

"கர்ப்பம், ரெண்டு. வைக்க வேண்டியது... ஏழு நாள்."

"ஏழு நாளா? வருஷக்கணக்கா இருக்க வேண்டியதாச்சே. யார் போட்டது? பேரைப் படி."

அவள் படிக்கவில்லை.

சேர்ந்த முதல் வாரம். மெஷினைச் சோதித்துப் பார்க்க எடுக்கும் வெற்றுப் படங்கள் ஏழு நாளில் அழிந்துவிடும். அந்த டெம்ப்ளேட்டை அப்படியே நகல் எடுத்து, கர்ப்பம் ரெண்டு என்று பெயர் மாற்றினாள். நாள் கணக்கை மாற்றப் போகும்போதுதான் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து போன் வந்தது. போட்டது போட்டபடி ஓடினாள். போ போ என்று துரத்தியதும் இதே உம்மணாமூஞ்சிதான்.

போட்டவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.

"என்னம்மா, லைன்ல இருக்கியா? பேரு என்ன?"

பின்னாலிருந்து ஓர் ஈரக் கை நீண்டு போனை வாங்கிக்கொண்டது.

"நான்தான் சார். அந்தப் பொண்ணு பேர்ல கம்ப்யூட்டருக்குள்ளே போய் நான்தான் போட்டேன். அதுக்கு ஒண்ணும் தெரியாது."

போனைத் திரும்ப வாங்க அவள் கை நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை.