வெட்டிய வளையங்கள்

நாங்கள் கட்டும் பாலத்தின் மேல்தளத்தை அங்கேயே வார்ப்பதில்லை. யார்டில் வார்த்த கான்கிரீட் ஸ்லாப்களைக் கொண்டுவந்து அடுக்குகிறோம். தூக்குவதற்காக ஒவ்வொன்றின் நாலு மூலையிலும் கம்பி வளையம் நீட்டிக்கொண்டிருக்கும். கிரேன் இறக்கி வைத்து, இடைவெளியில் ஊற்றிய கலவை இறுகியதும், வளையங்களை வெட்டிச் சிமெண்ட் பூசுவது என் வேலை. பூசி முடித்ததும், "இனிமே கிரேனோட அப்பனே வந்தாலும் தூக்க முடியாது" என்பேன். அது என் வழக்கம்.

கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய மாற்றல் வந்துவிட்டது. மறுநாள் வீட்டைக் காலி செய்யவேண்டும். அன்று சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பியபோது கூடத்துத் தரையில், நாலு மூலையிலும் ஈரச் சிமெண்ட்.

"யார் பூசினது?"

"நல்லா இருக்கே! மத்தியானம் நீங்கதானே வந்து வெட்டிப் பூசினீங்க?" என்றாள் மனைவி. "ஒரு வாய் தண்ணி குடிக்கக்கூட நிக்கல."

"எதை வெட்டினேன்?"

"அந்த வளையங்களைத்தான். குடிவந்த நாள்லேர்ந்து காலை இடறிக்கிட்டே இருந்துச்சே."

அந்த வீட்டில் நான் ஒரு வளையத்தையும் பார்த்ததில்லை. மத்தியானம் பாலத்தில்தான் இருந்தேன்.

கட்டி வைத்த பெட்டிகளைப் பிரித்து, பாத்திரங்களை அவள் அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"காலையில கிளம்பணும். எதுக்குப் பிரிக்கிறே?"

கையிலிருந்த தட்டைத் துடைத்து வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இனிமே கிரேனோட அப்பனே வந்தாலும் தூக்க முடியாதுன்னு நீங்கதானே சொல்லிட்டுப் போனீங்க?"