துவைக்காத துண்டு

சீப்பில் ஒரு முடிகூட இல்லை.

சோதனைக்கூடத்திலிருந்து வந்த பெண் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பல்லிடுக்கில் அழுக்கும் இல்லை. ரேசரை எடுத்தாள். நேற்று வாங்கியதுபோலப் பளபளத்தது. ஸ்வெட்டரில் சோப்பு வாசனை.

"எல்லாத்தையும் கழுவிட்டீங்களாம்மா?"

முனிரத்தினத்தின் மனைவி தலையசைத்தாள்.

ஒவ்வொரு வருஷமும் போகிக்கு முதல் நாள் பெட்டியை இறக்குவாள். அவனுடையதை எல்லாம் துவைத்து, துடைத்து, வெயில் காட்டி, திரும்ப அடுக்குவாள். வருகிறவன் வந்ததும் உடுத்த வேண்டாமா?

இருபத்தைந்து போகி.

கூட வந்திருந்த பட்டாளத்துச் சுபேதார் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சொந்த ஊர் ஆரணிப் பக்கம் என்று வந்தவுடனேயே சொல்லியிருந்தார். காபி குடித்து முடித்த டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

போர் நடந்த அந்தக் கோடையில், சாமான் இறக்கப் போன ஹெலிகாப்டர் பனிமலையில் விழுந்தது. உள்ளே ஐந்து பேர். நான்கு உடல்கள் கிடைத்தன. நாயக் முனிரத்தினம் கிடைக்கவில்லை.

காணவில்லை என்று காகிதம் வந்தது. இறந்தார் என்று வரவில்லை.

மஞ்சள் குங்குமத்துக்கு அவளை அழைக்கவும் தயங்கினார்கள். அழைக்காமல் இருக்கவும் தயங்கினார்கள்.

இந்த வருஷம் பனி உருகி, கொஞ்சம் எலும்பு வெளியே வந்திருக்கிறது. அந்த மலையில் காணாமல் போனவன் அவன் ஒருவன் மட்டும் இல்லை. யாருடையது என்று மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

"அவரோட அம்மா, அப்பா?"

"ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாங்க."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒண்ணே ஒண்ணு, கண்ணே கண்ணுன்னு பெத்தாங்க."

அந்தப் பெண் அடுத்த கேள்வியைக் கேட்காமல் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். குழந்தை வளர்ந்த வீடாக அது இல்லை. கல்யாணமாகி ஏழு மாதத்தில் அவன் காணாமல் போனான். அதில் சேர்ந்திருந்தது நாற்பது நாள்.

"நான் இருக்கேனே," என்றாள் அவள். ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். "எவ்ளோ வேணுமோ எடுத்துக்கம்மா."

அந்தப் பெண் சுபேதாரைப் பார்த்தாள்.

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்க சம்சாரம்மா. ரத்த உறவுல வரமாட்டீங்க."

ரவிக்கைக் கையை இறக்கிவிட அவளுக்கு நேரம் பிடித்தது.

"துவைக்காதது எதுனா இருக்கா? ஒண்ணே ஒண்ணு போதும்," என்றாள் அந்தப் பெண்.

இருந்தது.

பெட்டியில் இல்லை. உள்ளறை பீரோவில், கூறைப்புடவை மடிப்புக்குள்.

அவனுடைய கடைசி லீவு முடிந்த அன்று காலை. கிணற்றடியில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தான். தாடையில் கீறிவிட்டது. வெள்ளைத் துண்டை எடுத்து ஒற்றினான்.

"ஐயோ, புதுத் துண்டு! ரத்தம் சிந்தறதுக்கு உங்களுக்கு நம்ம வூடுதான் கெடச்சுதா?"

அவன் சிரித்தான். "சரி தாயே, இனிமே அங்க போய்ச் சிந்திக்கிறேன்."

அவளும் சிரித்தாள். அதுதான். அவளும் சிரித்தாள்.

பஸ் போன பிறகு துண்டைக் கொடியிலிருந்து எடுத்தாள். நாளைக்குத் துவைக்கலாம் என்று வைத்தாள்.

பீரோவைத் திறந்துவிட்டு நின்றாள்.

கொடுத்தால் அவன் கிடைத்துவிடுவான். கொடுக்காவிட்டால் வருவான்.

கூடத்தில் சுபேதார் இருமினார். அவசரப்படுத்துகிற இருமல் இல்லை. ஆனாலும் ஒரு இருமல்.

கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அந்தப் பெண் மேசைமேல் காகிதம் விரித்து, அதன்மேல் துண்டை விரித்தாள். ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பழுப்புக் கறை. அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. மறுகணமே குனிந்து பையில் எதையோ தேடினாள்.

"இது போதும்மா."

"திருப்பிக் குடுப்பீங்களா?"

"அந்த எடத்த மட்டும் வெட்டி எடுத்துக்கறோம். துண்டு உங்ககிட்டயே இருக்கட்டும்."

கத்தரிக்கோல் சிறியது. நான்கு வெட்டு. சதுரமாக வந்தது. காகித உறைக்குள் போட்டு, ஒட்டி, மேலே அவன் பெயரை எழுதினாள். படிவத்தில் கையெழுத்துக் கேட்டாள். உறவு என்ற இடத்தில் மனைவி என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.

முடிவு வர மூன்று மாதம் ஆகுமாம்.

வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே சுபேதார் சொன்னார். "கவலப்படாதீங்கம்மா. நல்ல சேதியே வரும்."

சொன்னவர் கயிற்றைக் கட்டாமல் அப்படியே நின்றார். எது நல்ல சேதி என்று அவள் கேட்டுவிடுவாளோ என்பதுபோல.



ஜீப் போன பிறகு சாமி படத்துக்கு முன்னால் போய்க் கைகூப்பினாள். இருபத்தைந்து வருஷமாகக் கேட்டது ஒன்றே ஒன்று. இன்று அது வாய்வரைக்கும் வரவில்லை. வேறு எதைக் கேட்பது என்றும் தெரியவில்லை. கையை இறக்கினாள்.

மேசைமேல் துண்டு கிடந்தது. ஓட்டை வழியாக மேசையின் மரம் தெரிந்தது.

எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். வாளியில் நனைத்தாள். கல்லில் விரித்து முதல்முறையாகச் சோப்புப் போட்டாள்.

கிழிசல் பெரிதாகிவிடக் கூடாது. மெல்லத்தான் கசக்கினாள்.