உத்தரம் போன கப்பல்

இங்கிலாந்தில் ஒரு பழைய பண்ணைவீடு. தூணும் உத்தரமும் சட்டமும் எல்லாமே ஓக் மரம். உத்தரத்தில் மட்டும் நாலைந்து ஓட்டைகள்.

"நான் கப்பல்ல இருந்தவனாக்கும்! இதெல்லாம் பாய் கட்டின கயிறு போட்ட ஓட்டை" என்று அது ஓயாமல் கதையளக்கும்.

தாங்கி நின்ற தூணுக்குச் சிரிப்பு முட்டும். இரண்டும் ஒரே மாட்டுக்கொட்டகையைப் பிரித்துக் கொண்டுவந்தவை.

புதிதாக வந்த ஜன்னல் ஒருநாள் கேட்டேவிட்டது: "தூண் அண்ணே, கப்பல்ல நீங்களும் இருந்தீங்களா?"

உத்தரத்தின் நடுக்கம் தூணின் தலையில் இறங்கியது. இத்தனை காலம் சுமந்தவனை இன்றைக்கு விட்டுக்கொடுப்பதா?

"இருந்தேனே தம்பி! புயல்ல கப்பல் ஆடின ஆட்டம் இருக்கே... பாவம், மாடெல்லாம் வாந்தி எடுத்துச்சு."