கிண்ணம் மணி அடிக்காத காலை

குழந்தையின் சாப்பாட்டைச் சோதித்து, சரியாக இருந்தால் மணி அடிக்கும் கிண்ணம் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகிறது. எனக்கு அதன்மேல் நம்பிக்கை கிடையாது. சூடும் கட்டியும் பார்க்க மனுசனுக்குக் கை இல்லையா?

இன்று காலை அது மணி அடிக்கவில்லை. ஊர் முழுக்க எந்தக் கிண்ணமும் அடிக்கவில்லையாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சோறும் காரட்டும் வேகவைத்து நானே மசித்திருந்தேன். எட்டு மாதப் பேத்தி முகில்நிலா பசியில் அழுதாள். ஆனால் கரண்டியை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"மணி கேக்காம அவ வாயத் தொறக்க மாட்டா மாமா. பழகிட்டா," என்றாள் மருமகள் தேன்மொழி.

"பிள்ள வளக்குறியா, நாய்க்குட்டி வளக்குறியா?"

"திட்டுறத அப்புறம் வச்சுக்குங்க. நீங்களே அந்தச் சத்தத்தப் போடுங்க. எனக்கு வர மாட்டேங்குது."

"டிங்" என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அழுகை நின்றது. குழந்தை என்னைப் பார்த்து ஆவென்று வாயைத் திறந்தாள். தொண்டை வரை தெரிந்தது. எதையும் சோதிக்காமல் நான் அடித்த மணி அது. நீட்டிய கரண்டியைக் கீழே வைத்தேன்.

"ஊட்டுங்க மாமா!"

"இரும்மா. அந்த வடிகட்டிய எடு."

மசித்ததைக் கரண்டியால் அழுத்தித் தேய்த்தேன். பட்டாணி அளவில் வேகாத காரட் துண்டு ஒன்று வலையில் நின்றது. நான் அடுத்த கரண்டியைத் தேய்த்தேன்.

குழந்தை இன்னும் வாயை மூடவில்லை.