மலை இருந்த இடம்

அண்ணன் கடைசியாகச் செய்த அழைப்புகளின் பட்டியலை மேனேஜர் என் மேஜைமேல் வைத்தார்.

பதினொன்று. எல்லாமே ஆம்புலன்ஸுக்கு. ஒன்றுகூடப் போகவில்லை.

அன்று அவன் வேலை பார்த்த கல்குவாரிக்கு விடுமுறை. தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்க்கத் தனியாகப் போனவன் காலில் பாறை சரிந்திருக்கிறது. இரண்டு மணி நேரம் உயிரோடு கிடந்திருக்கிறான், பாவி.

ஃபோனில் சிக்னல் முழுசாக இருந்ததாமே, பிறகு ஏன் போகவில்லை என்று அண்ணி என்னைத்தான் கேட்டாள். வீட்டில் டவர் வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தானே. பார்த்துச் சொல்கிறேன் என்று மழுப்பிவிட்டு வந்தேன்.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? எனக்குத் தெரியும்.

அலைவரிசைகள் கொஞ்சம், டவர்கள் ஏராளம். அதனால் நடுவில் மலை இருந்தால் இரண்டு பக்கத்து டவருக்கும் ஒரே அலைவரிசையைக் கொடுத்துவிடுவோம். மலை சுவர் மாதிரி நின்று ஒன்றோடு ஒன்று கலக்காமல் தடுக்கும். மலை இல்லாவிட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும். சிக்னல் கோடுகள் முழுசாகத் தெரியும், அழைப்பு மட்டும் போகாது.

எங்கள் கம்ப்யூட்டர் மேப்பில் அந்தக் குவாரி மலை நூற்றைம்பது மீட்டர் உயரத்தில் ஜம்மென்று நிற்கிறது. நிஜத்தில் அங்கே பள்ளம். மலைமுழுங்கி என்று ஆட்களைச் சும்மா திட்டுவோம். குவாரிக்காரர் நிஜமாகவே விழுங்கி ஏப்பம் விட்டிருக்கிறார்.

ஒரு நடை நேரில் போயிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். போகவில்லை. மேப்பில் இருந்தால் இருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் ஆபீஸில் அது வேதவாக்கு.

மேனேஜர் நல்ல மனிதர். தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“மேப் பழசுய்யா. மலை இல்லைன்னு உனக்கு யார் வந்து சொல்லப்போறா?”

அதையே அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். மலை போன விஷயத்தை யாரும் தெரிவிக்கவில்லை என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

போன மாதம் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“மலை தீர்ந்துபோச்சுடா. இனிமே கீழதான் தோண்டணும்.”

லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் ‘ம்’ என்றேன். அந்த மலைக்கு இரண்டு பக்கமும் இருக்கும் டவர்களுக்கு அப்போதுதான் அலைவரிசை போட்டுக்கொண்டிருந்தேன்.