புதுத் தரையில் தேங்கிய நீர்

மாடிக் குளியலறைக்கு ஏற இயலாத தந்தைக்காக மகன் தன் கையாலேயே டைல்ஸ் பதித்த கீழ்த்தளக் குளியலறையில், கணுக்கால் அளவு நீர் அசையாமல் நிற்கிறது. பிளம்பர் மண்டியிட்டு வடிகுழாய்க்குள் சுருள்கம்பியைச் செலுத்துகிறார். அது சற்றுத் தூரம் சென்று எதிலோ முட்டி நின்றுவிடுகிறது. வெளியே இழுத்த நுனியில் முடியில்லை, சோப்புக் கசடுமில்லை. சாம்பல் நிறப் பொடி மட்டும் ஒட்டியிருக்கிறது. "சட்டி கழுவின சிமெண்ட் தண்ணிய இதுலயா சார் ஊத்துனீங்க?" மகன் தான் பதித்த டைல்ஸின் நேர்க்கோடுகளையே பார்க்கிறான். "கடைசி நாள் மட்டுந்தான்." "அது போதுமே. உள்ள கல்லாயிடுச்சு. தரைய ஒடைக்கணும். எதுவரைக்கும் போயிருக்கோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்." வாயிலில் நிற்கும் அவன் மனைவி, "ஆள் வைங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். இப்ப வச்சாச்சு, ஒடைக்கிறதுக்கு" என்கிறாள், அவள் குரலில் கோபங்கூட இல்லை. சன்னல் வழியே விழும் மாலை வெயில் நீரின்மேல் மெல்ல மங்குகிறது. கூடத்தில் சக்கர நாற்காலி கிறீச்சிடுகிறது. தோளில் துண்டும் மடியில் சோப்புப் பெட்டியுமாகக் காலையிலிருந்து காத்திருக்கும் தந்தை கேட்கிறார்: "தண்ணி போயிடுச்சாடா? ரெண்டு கப் ஊத்திக்கிட்டாப் போதும்டா." மகன் குனிந்து, தண்ணீர்க் குழாயை இறுக்கி மூடுகிறான், அது ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது.