கல்லறைத் தோட்டத்து ஓட்டுகள்

இங்கிலாந்தில் ஆஷ்மியர் என்றொரு தொகுதி. முன்னூறு வருடமாக அதன் நாடாளுமன்ற இருக்கை ஹால்டன் குடும்பத்தை விட்டு அசைந்ததில்லை. ஊரில் பாதி வீடுகள் அவர்களுடையவை. குடியிருப்பவர்களைக் கிளப்பிவிட்டு அத்தனையையும் விற்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அவர்களிடம் தோட்டக்காரராக இருந்து இறந்தவரின் மனைவி சிவமலர் தேர்தலில் எதிர்த்து நின்றாள். வீடு வீடாய்ப் போய்க் கதவைத் தட்டினாள். உயிரோடிருந்தவர்கள் அநேகமாக எல்லோரும் அவளுக்குத்தான் போட்டார்கள்.

ஆனால் இறந்தவர்களுக்கும் ஓட்டு உண்டு என்று சட்டம் வந்து பத்து வருடமாகிறது. கல்லறைத் தோட்டம் மொத்தமும் ஹால்டனுக்கே விழுந்தது.

மறுநாள் காலை வீட்டைக் காலிசெய்யச் சட்டிபானைகளைக் கட்டிக்கொண்டிருந்தவள், குசினி அலமாரியில் இருந்த, இறந்த கணவர் பேசும் குரல்பெட்டியை நிமிர்ந்து பார்த்தாள். வாக்காளர் பட்டியலில் அவர் பெயரைப் பதிந்து வைத்ததே அவள்தான். ஒரு ஓட்டாவது நிச்சயம் என்று நம்பியிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள்?"

"இதென்ன கேள்வி? வழமைபோல ஹால்டன் துரைக்குத்தான்."

"நான் எல்லே நிண்டனான்!"

"தெரியும் மலர்." குரல் கனிந்தது. "உன்ர பேரைக் கண்டவுடனை எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. துரையைப் பகைச்சால் வீட்டை விட்டு எழுப்பிப்போடுவினம். பிறகு நீ தனிய எங்கை போவாய்?"

வாசலில் லொறி ஒன்று வந்து நின்றது. யாரோ கதவைத் தட்டினார்கள்.

"துரையின்ர ஆக்களே?" என்றது பெட்டி, சந்தோஷமாக. "உள்ளுக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி குடு, மலர்."